அய்யனார் காட்டை அழித்தது கஜா அல்ல

எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டை கஜா புயல் அழித்துவிட்டது என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். நிதி கேட்டு எழுதிய கடிதங்களிலும் அதையே எழுதினேன். அது உண்மையில்லை. புயல் அந்தக் காட்டைச் சாய்த்தது, அவ்வளவுதான். சாய்ந்து கிடந்த காட்டை அழித்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும்.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியிலிருந்து கிழக்கே போகும் சாலைகளில் எதில் போனாலும், தென்னந்தோப்புகளுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே, இருட்டாக ஒரு பச்சைத் திட்டு திடீரென்று கண்ணில் படும். உள்ளே அய்யனார், கருப்பர், மண் குதிரைகள். குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பெரிய குதிரைக்கு மாசி மகத்தில் காகிதப்பூ மாலைகள் குவிவதை வெளியூர்க்காரர்களும் வந்து பார்க்கிறார்கள். எங்கள் அய்யனாருக்கு அந்தப் பேர் கிடையாது. காடு மட்டும் இருந்தது, ஏழு ஏக்கர் சொச்சம்.

அது எப்படிப்பட்ட காடு என்பதைச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். பாலை, வீரை, காயா, காட்டு எலுமிச்சை, நாவல், அவற்றின் மேலே முறுக்கிக்கொண்டு ஏறும் கொடிகள், ஓரத்தில் வேலி கட்டியதுபோல் காரை, களா, சூரை, சங்கஞ்செடி. மரங்கள் அதிக உயரம் போகாது. ஆனால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, சித்திரை வெயிலிலும் தரைக்கு வெளிச்சம் விடாது. இலை சிறியது, தோல்போலத் தடித்தது. கோடையில் மற்றக் காடுகள் மொட்டையாக நிற்கும்போது இது பச்சையாக நிற்கும். உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலில் இதற்குப் பெயர். ராமநாதபுரத்திலிருந்து வடக்கே ஆந்திரக் கரை வரைக்கும் சோழமண்டலக் கரையோரச் சமவெளியில் ஒரு பட்டையாக இருந்தது. இன்று கோடியக்கரை போன்ற சில இடங்களிலும், புதுக்கோட்டை, விழுப்புரம் பக்கத்துக் கோயில் காடுகளிலும் துண்டு துண்டாக மிச்சமிருக்கிறது. அந்தத் துண்டுகளில் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஒரு சுள்ளியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்ற பயம் ஒன்றே அதற்குக் காவலாக இருந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, கடலோரத்தோடு நிற்கவில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு உள்ளே வந்து, வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், ஆலங்குடி என்று எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அப்பா வைத்த என் தென்னைகளில் நின்றவை கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. வெட்டிப் போடக்கூட ஆள் கிடைக்கவில்லை. கோடியக்கரைச் சரணாலயத்தில் பாலை மரங்கள் முறிந்தன. அங்கிருந்து அடித்துச் செல்லப்பட்ட வெளிமான்களின் உடல்கள் காரைக்கால் கரை வரை ஒதுங்கின. அந்த வாரங்களில் இந்தப் பக்கத்தில் யாரும் சாதாரண மனநிலையில் இல்லை. இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. அப்போது என் கைக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என் தோப்பை ஒன்றும் செய்ய முடியாதபோது என் கண் கோயில் காட்டின் மேல் விழுந்தது.

காடு பார்க்கக் கோரமாகத்தான் இருந்தது. பெரிய பாலைகள் வேரோடு சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. நின்றவற்றுக்குத் தலை இல்லை. கொடிகள் அறுந்து தொங்கின. அய்யனார் முன்னால் இருந்த குதிரைகளில் இரண்டின் தலை போயிருந்தது. உள்ளே நுழைய வழியில்லை. கோயில் கமிட்டியில் நான் செயலாளர். காட்டைச் சுத்தம் செய்து புதிதாக மரம் நடுவோம் என்று சொன்னதும் நான், தீர்மானம் எழுதியதும் நான்.

பூசாரி வேளார் ஒத்துக்கொள்ளவில்லை. எழுபது தாண்டியவர், அந்தக் குதிரைகளைச் செய்த குடும்பம்.

"தம்பி, விழுந்ததும் அய்யனாரு சொத்துதான். கெடந்த எடத்துலயே கெடக்கட்டும்."

"பாம்பு அடையும் பூசாரியய்யா. பிள்ளைக வர்ற எடம்."

"புள்ளைக வர்றதுக்கு முன்னாடியே பாம்பு இங்கதான இருந்துச்சு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது மனிதர்கள் செய்வதை நானும் செய்தேன். கூட்டத்தில் எழுந்து, பழைய காலத்து நம்பிக்கைகளைப் பேசிக்கொண்டிருந்தால் ஊர் எப்படி எழுந்திருக்கும் என்று கேட்டேன். இளைஞர்கள் கை தட்டினார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அவர் ஒருவர் மட்டும் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. மரம் அறுக்க வந்தவர்களில், அறந்தாங்கிக்குப் பக்கத்து அழியாநிலை முகாமிலிருந்து வந்த ஈழத்து அண்ணன் ஒருவர் இருந்தார். மன்னார்ப் பக்கம் ஊர். சிறு வயதில் படகில் வந்தவர். ரம்பத்தை அணைத்து வைத்துவிட்டு, ஓரத்து முட்புதர்களைக் காட்டி என்னிடம் சொன்னார்: "அண்ணை, இந்தப் பத்தையை விடுங்கோ. பத்தை இருந்தாத்தான் காடு திரும்ப வரும். எங்கட பக்கத்தில மிதிவெடி கிடந்த இடத்தில ஒருத்தரும் கால் வைக்கேல்லை. அங்கதான் காடு நல்லா வந்திருக்கு எண்டு ஊரில சொல்லுகினம்." நான் தலையை ஆட்டிவிட்டு, வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் ஜேசிபி வந்தது. இரண்டு வண்டிகள். வாரம் முடிவதற்குள் காடு மைதானமாயிற்று. சாய்ந்த மரங்களை வெளியே இழுக்க வழி வேண்டும் என்று புதர்களைப் பெயர்த்தோம். வழி விட்டதும், நின்றவற்றில் தலை முறிந்தவை இனி எதற்கு என்று அவற்றையும் தள்ளினோம். பிறகு தரை மேடு பள்ளமாக இருக்கிறதென்று மட்டம் தட்டினோம். எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று இன்று யோசித்தால் முதல் இடத்திலேயே என்றுதான் படுகிறது. மரத்தை டன் கணக்கில் விறகுக்கு விற்றோம். கணக்கு நோட்டில் வரவு எழுதியது என் கையெழுத்து.

எனக்குத் தெரியும் என்று முதலில் சொன்னேனே, அதை இப்போது சொல்லிவிடுகிறேன். புயலுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நான் ஆரோவில்லுக்குப் போய் பிச்சாண்டிக்குளம் காட்டைப் பார்த்தவன். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது அரித்துப்போன செம்மண் மேடு. வேகமாக வளரும் அகேசியாவை முதலில் நட்டு நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் பாலையையும் வீரையையும் காயாவையும் கொண்டுவர அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த நாட்டு மரங்களுக்கான விதையை எங்கே தேடினார்கள் தெரியுமா? எங்கள் ஊர்க் காடு மாதிரியான கோயில் காடுகளில்தான். மற்றவர்கள் ஒரு வாழ்நாள் முழுக்க உழைத்து உண்டாக்கப் பார்ப்பது எங்கள் ஊரில் கேட்பாரின்றி இருந்தது. இதைச் சொல்லி ஊரில் பெருமை பேசியவனும் நான்தான்.

பிறகு ஏன் செய்தேன்? பல நாள் இதை உள்ளே புரட்டிப் பார்த்திருக்கிறேன். விறகுப் பணம் ஒரு காரணம். கோயிலுக்கு முன்மண்டபம் கட்ட வேண்டும் என்ற ஆசை கமிட்டிக்கு வெகுநாளாக இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மரம் நட என்று அனுப்பிய பணம். அவர்கள் படம் கேட்டார்கள். விழுந்த காட்டை விழுந்தபடி விட்டுவிட்டுக் காத்திருக்கிறோம் என்று எந்தப் படத்தை அனுப்புவது? மட்டம் தட்டிய செம்மண், நேர்கோட்டில் குழிகள், குழிக்கு ஒரு கன்று, கன்றுக்கு ஒரு கூண்டு, கூண்டில் கொடுத்தவர் பேர். இதைப் படம் எடுக்கலாம். எடுத்தோம். மகோகனி, தூங்குமூஞ்சி, நெட்டிலிங்கம், பூவரசு என்று நர்சரியில் கிடைத்ததையெல்லாம் வாங்கி வைத்தோம். அவற்றில் ஒன்றுகூட அந்தக் காட்டு மரம் இல்லை. பாலைக் கன்று கிடைக்காது என்று எல்லோரிடமும் சொன்னேன். சப்போட்டாவை ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாக வைப்பது இந்தப் பாலைதான். தேடினால் கிடைத்திருக்கும். ஆனால் பாலை வளர்வது கண்ணுக்குத் தெரியாது. அடுத்த வருடப் படத்துக்கு அது உதவாது.

அதில் எதெல்லாம் போயிற்று என்று சொல்கிறேன். முதலாவது, துளிர். இந்த வகைக் காட்டு மரங்களில் பலவற்றுக்கு வெட்டினாலும் முறிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும் குணம் உண்டு. புயல் இந்தக் கரைக்குப் புதிதில்லை. எத்தனையோ புயலைக் கண்டு, முறிந்து, துளிர்த்து வந்த காடுதான் அது. தலை போன மரத்தை நான் செத்த மரம் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது, விதை. நாவல் விதை காய்ந்துவிட்டால் சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். மண்ணுக்குள் பல வருடம் உறங்கிக் கிடந்து மழை கண்டு முளைக்கும் விதை அல்ல அது. அப்படிப்பட்ட மரங்களின் அடுத்த தலைமுறை மண்ணுக்கு மேலே, நிழலில், சாண் உயரக் கன்றுகளாகப் பல வருடம் காத்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் வந்ததும் எழும்பும். புயல் அந்த வெளிச்சத்தைக் கொடுத்தது. எழும்ப வேண்டிய நேரத்தில் நான் ஜேசிபியை ஏற்றினேன்.

புதர்களின் கதை இன்னும் மோசம். காரை, களா, சூரைப் பழங்களுக்காகக் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் வந்துகொண்டிருந்தன. இரவில் மரநாய் வரும். வாவல் வரும். அவை தின்று எச்சமிடும் விதைகளில்தான் புதிய மரம் எழும்பும். முள் இருந்ததால் ஆடு உள்ளே வராது, முளைத்தது தப்பிக்கும். முள்ளை எடுத்த அன்றே காட்டின் கதவைத் திறந்து வைத்தவன் ஆனேன். ஊர் ஆடுகள் எல்லாம் வந்தன. சருகு போய்த் தரை கட்டிப்பட்டது. முன்பு மழை பெய்தால் காட்டுக்குள் இறங்கிவிடும் தண்ணீர், இப்போது சிவப்பாக ஓடி ஊருணியில் மண்ணைச் சேர்க்கிறது. திறந்து கிடந்த மண்ணை மூன்றாவது மழைக்குள் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் நாங்கள் வைத்த கன்றுகளில் பெரும்பாலானவை கூண்டுக்குள்ளேயே காய்ந்தன. பேர்ப்பலகைகள் மட்டும் வெகுநாள் இருந்தன.

ஒரு மூலை தப்பித்தது. மேற்கோரத்தில் பழைய செம்பறாங்கல் வெட்டிய பள்ளம். அதில் பெரிய பாலை ஒன்று குறுக்கே விழுந்து கிடந்ததால் வண்டி இறங்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டோம். இன்று அங்கே போய் நின்றால் எனக்குப் பேச்சு வருவதில்லை. சாய்ந்த பாலை பாதி வேரை மண்ணில் வைத்துக்கொண்டு, படுத்த நிலையிலேயே மேல்நோக்கி வரிசையாகக் கிளை விட்டிருக்கிறது. அதன் அணைப்பில் வீரைக் கன்றுகள் தோளுக்கு மேலே வந்துவிட்டன. காயா நீலமாகப் பூக்கிறது. ஏழு ஏக்கரும் இப்படி வந்திருக்க வேண்டியது. யாரும் ஒரு ரூபாய் செலவு செய்திருக்க வேண்டியதில்லை.

அந்த மூலையைப் பார்த்த பிறகுதான் மற்ற இடங்களில் அழிந்த காடுகள் எப்படித் திரும்பின என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மொசாம்பிக் நாட்டில் கொரொங்கோசா என்று ஒரு தேசியப் பூங்கா. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் படைகள் இறைச்சிக்கும் தந்தத்துக்கும் அங்கிருந்த பெரிய விலங்குகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கொன்று தீர்த்தன. இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த யானைகள் சில நூறாகக் குறைந்தன. தந்தத்துக்காக நடந்த கொலையில் தந்தமில்லாத பெண் யானைகள் அதிகம் தப்பின. அவற்றின் மகள்களிலும் பலவற்றுக்குத் தந்தம் முளைக்கவில்லை என்று 2021-இல் வந்த ஆய்வு சொல்கிறது. போர் ஒரு விலங்கின் உடலுக்குள்ளேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறது. மேய்பவை ஒழிந்ததும் அங்கே தொட்டாச்சிணுங்கி இனத்து முட்புதர் ஒன்று வெள்ளச் சமவெளியெங்கும் படர்ந்தது. மான் வகைகள் மறுபடி பெருகியபோது அவை அதை மேய்ந்து குறைத்தன. இது 2020-இல் பதிவாகியிருக்கிறது. காவலைப் பலப்படுத்தினார்கள், காட்டெருமைகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், சுற்றியிருந்த கிராமங்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் வேலையும் கொடுத்தார்கள். 2018-இல், எங்கள் காட்டில் ஜேசிபி ஓடிய அதே வருடத்தில், அங்கே காட்டுநாய்கள் திரும்பின.

நமக்குப் பக்கத்திலேயே இலங்கையில் வில்பத்து இருக்கிறது. மன்னாருக்குத் தெற்கே, வில்லு என்று அழைக்கப்படும் மணற்கரை நீர்நிலைகள் நிறைந்த பெருங்காடு. 1988 முதல் 2003 வரை போரால் மூடிக் கிடந்தது. திறந்த பின் 2006 மே மாதம் மிதிவெடியில் ஏழு பார்வையாளர்கள் இறந்தார்கள். மறுபடி மூடி 2010-இல்தான் திறந்தார்கள். போர் காட்டுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேட்டையும் மரக்கடத்தலும் போரின் கூடவே போகும். மிதிவெடி யானைக்கும் காலை எடுக்கும். ஆனால் அந்த ஈழத்து அண்ணன் சொன்னது என்னை விடவில்லை. வடக்கில் முகமாலையில் மிதிவெடி அகற்றுபவர்களைப் பற்றிப் படித்தேன். புதரைக் கவனமாக வெட்டி விலக்கி, கருவியை வைத்துக் கேட்டு, மண்டியிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறார்கள். அந்த வேலை இத்தனை ஆண்டுகள் ஓடியும் தீரவில்லை. உயிரை எடுக்கும் பொருள் மண்ணில் கிடக்கிறது என்றதும் மனிதனுக்கு அவ்வளவு நிதானம் வருகிறது. என் காலடியில் கிடந்தது முளைத்து வரும் உயிர். அதற்கு நான் ஒரு வாரம்கூடக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் தைலமர எதிர்ப்புக் கூட்டங்களில் பேசுகிறவன். 1974-இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தொடங்கியதிலிருந்து இந்த மாவட்டத்தின் காட்டு நிலங்களில் தைலமரம் எப்படிப் பரவியது, காகித ஆலைக்கு எப்படிப் போகிறது, எங்கள் ஆழ்குழாய்கள் ஏன் இப்படிக் கீழே போகின்றன என்றெல்லாம் மேடையில் அடுக்குவேன். காட்டை விறகாகப் பார்க்கிறார்கள் என்பது நான் வழக்கமாகச் சொல்லும் வரி. 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் பந்தலிலும் உட்கார்ந்தேன். 2020-இல் திருவரங்குளம் வட்டாரமும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் வந்தபோது மகிழ்ந்தேன். அந்தப் போராட்டங்கள் சரிதான், இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். ஆனால் வெளியிலிருந்து துளை போட வருபவனை ஊர் கூட்டி எதிர்த்த நான், எங்கள் காட்டுக்கு எங்கள் ஊர்ப் பணத்தில் வண்டியைக் கூட்டி வந்தேன். காட்டை விறகாகப் பார்த்தது யார் என்று கேட்டால் ரசீது என் பீரோவில் இருக்கிறது. அந்த வருடம் பசுமைப் பணிக்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டேன். கன்றுகள் காய்ந்த பிறகும் பணம் அனுப்பியவர்களுக்குப் பழைய படங்களையே அனுப்பினேன்.

பூசாரி மூன்றாண்டுகளுக்கு முன் காலமானார். கூட்டத்தில் எழுந்து போன நாளுக்குப் பிறகும் எனக்குத் திருநீறு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல நேரம் நிறைய இருந்தது. கோயிலில் கூட்டமாக இருக்கிறது, அவருக்கு உடம்பு சரியில்லை, திருவிழா முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஜேசிபியை வரவழைக்க எனக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

இப்போது அந்த மேற்கு மூலையைச் சுற்றி முள் வேலி போட்டிருக்கிறேன். பாலைப் பழம் விழும் காலத்தில் விதை பொறுக்கி, காயவிடாமல் உடனே பையில் ஊன்றுகிறேன். சீமைக்கருவேலைக் கையால் வெட்டி, காரையும் களாவும் தானாக முளைத்த இடத்தில் கிளை போட்டு மறைக்கிறேன். இது பெரிய வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். ஏழு ஏக்கரில் மிகச் சிறிய பகுதி. காடு என்று சொல்லும்படி அது ஆவதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன்.

பணம் அனுப்பியவர்களுக்கு இந்த மாதம் நடந்ததை எழுதினேன். சிலர் பதில் போட்டார்கள். ஒருவர் கணக்குக் கேட்டிருக்கிறார், அனுப்புகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். காலியாகக் கிடக்கும் இடத்தில் பேவர் பிளாக் பதித்து வாகனம் நிறுத்த இடம் செய்யலாம் என்று தீர்மானம் வருகிறது. மேற்குப் பள்ளத்தையும் மூடிவிடலாம் என்கிறார்கள். நான் எதிர்ப்பேன். அங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் அன்றைக்கு எனக்குக் கை தட்டியவர்கள். சுத்தமாக இருந்தால்தான் கோயில் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பூசாரியின் மகனும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். அவர் அப்பாவிடம் சொல்லாததை முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தீர்மானத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்.